செவ்ரானிலிருந்து வந்த பக்கிள்

நீங்கள் இரண்டு பேரும் மதாமின் அலுவலகத்தில் சேர்ந்துவிட்டதாக அறிந்தேன். ஓய்வு பெற்றுப் போன மனுசன் ஒருவன் வந்து புத்தி சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. உங்கள் வயதில் எனக்கும் பிடித்ததில்லை. ஆனால் மதாம் போனில், "அந்தக் கதையை நீங்களே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் உங்களைக் காப்பாற்றித்தான் சொல்லுவேன்" என்றார். அதனால் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் குறை நினைக்காதீர்கள். பிரெஞ்சில் எனக்கு அறிக்கை எழுத வரும். வெட்கப்பட்டதை எழுத வராது. வாசிக்கச் சிரமமென்றால் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

நான் இந்தத் தொழிலுக்குப் படித்து வந்தவனில்லை. லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு நகைக்கடையின் பின்னறையில் இருந்து அறுந்த சங்கிலிகளுக்குப் பற்றாசு வைத்துக்கொண்டிருந்தவன். 2009 இன் முற்பகுதி அது. கடையில் நாள் முழுக்க வானொலி ஊர்ப் போர்ச் செய்தி சொல்லிக்கொண்டிருக்கும். வேலை செய்கிற யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. அப்படியொரு நாளில்தான் மதாம் கடைக்குள் வந்தார். கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒரு பெல்ட் பக்கிளைக் கண்ணாடி மேசையில் வைத்து, "இதன் நடுவில் இருக்கிற வட்டத் தகட்டை ஒட்டி எவ்வளவு காலமிருக்கும்? கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய ஒருவர் இங்கே இருக்கிறாரா?" என்று கேட்டார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். நான் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பற்றாசு ஓடிய விளிம்பில் அழுக்கு இருந்தது. ஆனால் அந்த அழுக்கு முழுக்க ஒரே நிறம். வருடக்கணக்கில் சேருகிற அழுக்கு அப்படி இருக்காது. பழைய நகை எத்தனை பார்த்திருக்கிறேன். "மதாம், இது ஒரே நாளில் பூசின அழுக்கு" என்றேன். அவர் சிரித்தார். இரண்டு கிழமைக்குப் பிறகு திரும்பி வந்து, நாசிக் காலத்துப் பழைய பொருள்கள் அசலா போலியா என்று பார்த்து அறிக்கை கொடுக்கிற தன்னுடைய அலுவலகத்தில் என்னை வேலைக்குக் கேட்டார்.

எங்கள் தொழிலைப் பற்றிக் கேள்விப்பட்ட முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "அண்ணை, உதுகள் கொலைகாரரின்ர சாமான். உதைக் கையாலை தொட்டுச் சீவிக்கப் போறியளோ?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. உங்கள் வீடுகளிலும் கேட்பார்கள். மதாமிடம் அதையே கேட்டேன். அவர் சொன்னது: "கொலைகாரருடையதும் உண்டு, அவர்களால் கொல்லப்பட்டவர்களுடையதும் உண்டு. எது எது என்று பிரித்துச் சொல்ல யாராவது வேண்டாமா? ஆனால் ஒன்று. இடுப்பில் கட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவனுக்கு நான் ஒரு வரியும் எழுதுவதில்லை."

இந்த விஷயத்தைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். முதல் உலகப் போர் முடிந்த பிறகு ஜெர்மனியில் ஒவ்வொரு கட்சியும் தெருவில் தனக்கென்று ஒரு படை வைத்திருந்தது. அரசாங்கத்தின் இராணுவமல்ல; சீருடையும் பெல்ட்டும் போட்டு அணிவகுத்த சாதாரண ஆட்கள். நாசிகளின் படையான பழுப்புச் சட்டைக்காரர் அதில் ஒரு பகுதிதான். அவர்களுக்கு எதிராகக் குடியரசைக் காக்கவென்று நின்ற படையும் இருந்தது. பழுப்புச் சட்டைக்காரர் ஆட்சிக்கு வந்த உடனே மற்றப் படைகளின் சின்னம் வீட்டில் இருந்தாலே ஆளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சனங்கள் ஆற்றில் எறிந்தார்கள், உருக்கினார்கள், புதைத்தார்கள். அதனால்தான் அந்தப் பக்கிள்கள் இன்று கிடைப்பது அருமை. அருமையானதென்றால் போலி செய்கிறவனும் வருவான்.

முதல் சில வருடங்கள் எனக்கு நல்ல பெயர். மதாம் என்னுடைய கண்ணை நம்பினார். நானும் அதை அளவுக்கு மேலே நம்பினேன்.

பிறகு ஒரு பிழை விட்டேன். ஓய்வு பெற்ற பல் வைத்தியர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். அந்தக் காலத்துத் தெருப்படைகளின் பக்கிள்களை முப்பது வருடமாகச் சேர்ப்பவர். அவர் வாங்க நினைத்த ஒன்றை என்னிடம் தந்தார்கள். முன்பக்கம் தேய்ந்த அழகில் நான் மயங்கிப்போனேன். அசல் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டுபோய் வீட்டில் ஆறுதலாகப் பார்த்திருக்கிறார். முன்பக்கம் அவ்வளவு தேய்ந்த பக்கிளில், பெல்ட்டை மாட்டுகிற கொக்கியின் உட்பக்கம் ஒரு கீறலும் இல்லை. யாருமே ஒருநாளும் மாட்டிக் கழற்றாத கொக்கி.

அடுத்த கிழமை அலுவலகத்துக்கு வந்தார். வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். என்னுடைய அறிக்கையை மதாமின் மேசையில் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் மதாமிடம் சொன்னார்: "உங்களுடைய ஆளுக்கு வளையல் தெரிந்திருக்கலாம். இது தெரியாது."

மதாம் எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அதற்குப் பிறகு என்னுடைய கை மாறிப்போனது. எந்தப் பொருள் வந்தாலும் குறையைத்தான் முதலில் தேடினேன். சின்னச் சந்தேகமென்றாலும் 'போலி' என்று எழுதினேன். அசலைப் போலி என்று சொன்னால் யாரும் வந்து மேசையில் எறியப் போவதில்லை. கொண்டுவந்தவன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவான். அதை நான் கவனம் என்று நினைத்தேன். அது பயம்.

அந்த நேரத்தில்தான் மதாம் ஹன்னா வந்தார்.

எழுபது வயதைத் தாண்டிய, ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நகரத்துக்கு வெளியே செவ்ரானில் தனியாக இருப்பவர். அவருடைய அப்பா ஜெர்மன்காரர், இரும்புப் பட்டறைத் தொழிலாளி, குடியரசுப் படையில் அணிவகுத்தவர். பழுப்புச் சட்டைக்காரர் ஆட்சிக்கு வந்த வருடம் எல்லை தாண்டி பிரான்சுக்கு ஓடி வந்தவர். வரும்போது தன்னுடைய பக்கிளைக் கோட்டின் உள்துணிக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பிடிபட்டிருந்தால் அந்த ஒரு துண்டு இரும்பே போதும் அவரை முடிக்க. ஒரு சின்ன ஊர் அருங்காட்சியகம் அகதிகளைப் பற்றிய கண்காட்சியில் அதை வைக்கக் கேட்டிருந்தது. அவருடைய அப்பாவின் படம், கதை, பக்கிள், மூன்றும். அதற்கு எங்கள் அறிக்கை தேவைப்பட்டது.

இரும்புத் தகட்டில் அடித்து நிக்கல் பூசிய பக்கிள். நடுவில் இறக்கை விரித்த குடியரசுக் கழுகு. திருப்பிப் பார்த்தேன். கொக்கி பித்தளையால் பற்றவைக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்துத் தொழிற்சாலைகள் இந்த வகைக்கு ஈயப்பற்றுத்தான் வைக்கும். முன்பக்கம் நெருப்புப் பட்டதுபோல ஒரு நீலக்கறை. பழசாகக் காட்டுவதற்காகச் சூடுகாட்டுவது போலிக்காரரின் வழக்கம். இரண்டு குறை. எனக்குப் போதுமாயிருந்தது. அரை மணித்தியாலத்தில் எழுதிவிட்டேன்: பிற்காலத்தில் செய்யப்பட்டது.

மதாம் ஹன்னா அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார்.

"அப்படியென்றால் என் அப்பா இதை எங்கே வாங்கியிருப்பார்?" என்று கேட்டார்.

"நான் உலோகத்தைப் பற்றி மட்டும்தான் பேச முடியும், மதாம்" என்றேன்.

அந்த வசனத்தில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. தொழில் தெரிந்தவன் பேசுகிற மாதிரி இருக்கிறதென்று நினைத்தேன். அவர் பக்கிளைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கோட்டுப் பொத்தானைப் பூட்டக்கூட மறந்து, வெளியே போனார். அருங்காட்சியகம் கண்காட்சியிலிருந்து பக்கிளை மட்டும் நீக்கவில்லை. அவருடைய அப்பாவின் படத்தையும் நீக்கிவிட்டது.

பத்து மாதம் போனது. சனிக்கிழமைகளில் ஆள் தட்டுப்பாடென்றால் பழைய முதலாளி என்னைக் கூப்பிடுவார்; நானும் போய் உதவி செய்வேன். அப்படி ஒரு சனிக்கிழமை ஒரு அக்கா தன்னுடைய சங்கிலியைக் கொண்டுவந்தார். ஊரிலிருந்து வந்து அதிக காலமில்லை. சங்கிலியின் கொக்கியைப் பார்த்த முதலாளி முகத்தைச் சுளித்தார்.

"இது பத்தர் வேலை இல்லை அக்கா. ஈயம் வைச்சு ஒட்டியிருக்கு. தங்கத்துக்கு ஆரும் ஈயம் வைப்பினமோ? எனக்குச் சங்கிலியே சந்தேகமாக் கிடக்கு."

அந்த அக்காவுக்குக் கண் சிவந்துவிட்டது. ஆனால் குரல் உயரவில்லை.

"தம்பி, முகாமிலை முள்ளுக்கம்பிக்குள்ளை இருக்கேக்கை பத்தரை எங்கை தேடுறது? பக்கத்துக் கூடாரத்திலை ரேடியோ திருத்திற பெடியன்தான் ஒட்டித் தந்தவன். அவனிட்டை இருந்தது ஈயம்தான். ஒட்டினது ஆர் எண்டு ஒரு வார்த்தை கேளுங்கோவன். கேக்காமலே கள்ளச்சாமான் எண்டு சொல்லுறியள்."

முதலாளி உரசிப் பார்த்தார். நல்ல தங்கம். மன்னிப்புக் கேட்டுத் தேத்தண்ணீர் எடுப்பித்துக் கொடுத்தார். நான் பின்னறையில் ஊதுகுழலைக் கையில் பிடித்தபடி நின்றேன். பற்றவைக்க முடியவில்லை. ஈயம் வைக்கவேண்டிய இடத்தில் பித்தளை வைத்த ஒரு கொக்கிதான் கண்ணுக்குள் நின்றது. அதை ஒட்டியது யார் என்று நான் அந்த மனுசியிடம் கேட்கவேயில்லை.

திங்கட்கிழமை காலை என்னுடைய பழைய குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். என்னுடைய கையெழுத்திலேயே இருந்தது: 'நீலக்கறை இடப்பக்கம், கொக்கிக்கு நேர் முன்னால்.' போலிக்காரன் முழுப் பொருளையும் அல்லவா சூடாக்குவான்? இது பின்னால் கொக்கியைப் பற்றவைத்த சூடு முன்னால் வந்து காட்டிய கறை. பார்த்திருக்கிறேன், எழுதியிருக்கிறேன். எழுதியதை வாசிக்கவில்லை.

நேரே மதாமிடம் போய், பிழை விட்டுவிட்டேன், அது அசல், அறிக்கையை மாற்றவேண்டும் என்றேன்.

மதாம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பத்து மாதத்துக்கு முன்னால் பயத்தில் 'இல்லை' என்று எழுதினீர்கள். இப்போது வெட்கத்தில் 'ஆம்' என்று எழுதப் பார்க்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான். முதலில் போய்க் கேளுங்கள். பிறகு பாருங்கள். அதற்குப் பிறகு எழுதலாம்."

பிள்ளைகளே, என்னுடைய வேலைக்காலம் முழுவதிலும் எனக்கு யாரும் இதைவிடக் கடுமையாகவும் உதவியாகவும் எதையும் சொன்னதில்லை. அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

செவ்ரானுக்குப் போனேன். மதாம் ஹன்னா கதவை முழுக்கத் திறக்கவில்லை. "மறுபடி என்ன?" என்றார்.

"ஒரு கேள்வி கேட்க வந்தேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியது. அந்தக் கொக்கியை ஒட்டியது யார்?"

கதவை முழுக்கத் திறந்தார். பிறகு உள்ளே விட்டார். குசினி மேசையின் லாச்சியை இழுத்துத் திறந்தார், பக்கிள் அதற்குள் கிடந்தது. நூல்கட்டு, பழைய பற்றரி, போத்தல் மூடி, அவற்றுக்கு நடுவில்.

"அப்பாதான்" என்றார். "போர் தொடங்கியதும் இங்கே பிரான்சில் ஜெர்மன்காரர் எல்லாரையும் முகாமில் அடைத்தார்கள். நாசிகளிடமிருந்து தப்பி ஓடி வந்தவர்களையும் சேர்த்து. சோதனை போட்ட காவல்காரன் இதைக் கண்டுவிட்டு, கொக்கியை முறித்து எறிந்துவிட்டு மிச்சத்தை முகத்தில் வீசினானாம். போர் முடிந்த பிறகு அப்பா சைக்கிள் பட்டறையில் வேலை செய்தார். ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போய், எனக்கு முன்னால்தான் புதுக் கொக்கி வெட்டி ஒட்டினார். ஏழு வயது எனக்கு. நெருப்பைப் பார்க்காதே, கண்ணை மூடு என்றார். நான் மூடவில்லை."

சைக்கிள் சட்டங்களைப் பித்தளை வைத்துத்தான் பற்றவைப்பார்கள். அந்தப் பட்டறையில் அவருடைய கைக்குக் கிடைத்தது அதுதான்.

"இதையெல்லாம் ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை, மதாம்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்கள் உலோகத்தைப் பற்றி மட்டும்தான் பேசுவேன் என்றீர்களே."

அங்கேயே அழுது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அசல் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. மதாம் சொன்னது நினைவுக்கு வந்ததால் அடக்கிக்கொண்டேன். நல்ல கதை ஒன்று கேட்டதற்காக ஒரு பொருள் அசலாகிவிடாது. அவருடைய அப்பா ஒட்டியது கொக்கியைத்தான். பக்கிள் எங்கே பிறந்தது என்பதைப் பக்கிளிடம்தான் பார்க்கவேண்டும். "இதை ஒரு மாதத்துக்கு என்னிடம் தருவீர்களா? முடிவு எப்படி வருமென்று இன்னும் எனக்குத் தெரியாது" என்றேன். அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் தந்ததாகப் பிறகு சொன்னார்.

பித்தளைப் பற்றின் ஓரத்தில், பெரிதாக்கிப் பார்த்தபோது, வேறொரு கொக்கியின் கால் இருந்த தடம் தெரிந்தது. அதில் பழைய ஈயத்தின் மெல்லிய படலம். நல்ல அடையாளம், ஆனால் போதாது. இதே அச்சில் அடித்த, சந்தேகமில்லாத இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும். அப்படியொன்று எங்களுக்குத் தெரிந்த அளவில் ஒரே ஒருவரிடம் இருந்தது. அந்தப் பல் வைத்தியரிடம்.

மதாம் தானே பேசுகிறேன் என்றார். நான் வேண்டாமென்றுவிட்டு நானே போனேன். அவருடைய வீட்டு வாசலில் மணியை அடிக்க முன்னால் மூன்று தரம் மூச்சு இழுத்து விட்டது நினைவிருக்கிறது.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"முதலில் போலியை அசல் என்றீர்கள். பிறகு அசலைப் போலி என்றிருக்கிறீர்கள் போல" என்றார்.

"ஓம். அதுதான் இந்த முறை தனியாகப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. நீங்களும் பார்க்கவேண்டும்" என்றேன்.

அவர் உள்ளே போய்த் தன்னுடையதைக் கொண்டுவந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார். அச்சில் விழுந்த வெடிப்பு, அது அடிக்கிற ஒவ்வொரு தகட்டிலும் மயிர்போல ஒரு கோடாக வரும். அவருடைய கழுகின் வலது இறக்கையில், மூன்றாவது இறகுக்குக் கீழே அப்படி ஒன்று இருந்தது. மதாம் ஹன்னாவினுடையதில் அந்த இடத்தைத் தேய்மானம் பாதி தின்றிருந்தது. நான் பார்த்தேன். தெரிந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவர் தன்னுடைய பழைய பல் பார்க்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பக்கிளைச் சரித்து, திருப்பி, மறுபடி சரித்து.

"மூன்றாவது இறகு" என்றார் கடைசியில்.

"ஓம்" என்றேன்.

தேய்ந்து தடம் பதிந்த அளவைப் பார்த்து, "வருடக்கணக்கில் கட்டியிருக்கிறான் மனுசன்" என்றார் தனக்குள்ளே. தன்னுடையது பெட்டியிலேயே இருந்தது, அதைக் கட்டியவன் யாரென்று யாருக்கும் தெரியாது என்றார். அன்றைக்கு என்னை வாசல் வரை வந்து வழியனுப்பினார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை.

புதிய அறிக்கையோடு மதாமும் நானும் செவ்ரானுக்குப் போனோம். மதாம் ஹன்னா சந்தோஷத்தில் கட்டிப்பிடிப்பார் என்று நினைத்திருந்தேன் போல. அவர் மேசையில் இருந்து ஆறுதலாக வாசித்தார். வாசித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"பத்து மாதம் நான் என் அப்பாவைப் பொய்யர் என்று நினைத்திருந்தேன். நெருப்பைக் கண்ணால் பார்த்தவள் நான். அப்படியிருந்தும் உங்கள் அறிக்கையைத்தான் நம்பினேன். அதை நீங்கள் திருப்பித் தர முடியாது."

"முடியாது, மதாம்."

"அப்படியென்றால் இரண்டு காரியம் செய்யுங்கள். நீங்கள் பிழை விட்டதையும் ஏன் விட்டதென்பதையும் இதிலேயே எழுதுங்கள். முதலாவது அறிக்கையைக் கிழிக்காதீர்கள். இரண்டும் ஒன்றாக இருக்கட்டும்."

மதாமைத் திரும்பிப் பார்த்தேன். அலுவலகத்தின் பெயர் கெடுகிற காரியம். அவர் தலையாட்டினார். அங்கேயே, அந்தக் குசினி மேசையிலேயே இருந்து எழுதினேன். பயத்தில் எழுதினேன் என்ற சொல்லைப் பிரெஞ்சில் எழுதக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "முதலாவதில் உங்கள் கையெழுத்து மிகப் பெரிது" என்றார். அன்றைக்குத்தான் முதல்தரம் அவர் சிரித்துக் கண்டேன்.

கண்காட்சி அதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் அருங்காட்சியகம் பிறகு பக்கிளைத் தன்னுடைய நிரந்தரக் கூடத்துக்கே எடுத்துக்கொண்டது. மதாம் ஹன்னா ஒரு நிபந்தனை வைத்தார். கழுகு கீழே இருக்கவேண்டும், அப்பா ஒட்டிய கொக்கி மேலே தெரியவேண்டும் என்று. அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், பள்ளிப் பிள்ளைகள் இது ஏன் கவிழ்ந்து கிடக்கிறது என்று கேட்காமல் போவதில்லையாம்.

இரண்டு அறிக்கைகளின் பிரதியும் மதாமின் அலுமாரியில், மேல்தட்டில், என்னுடைய பெயர் எழுதிய கோப்பில் இருக்கின்றன. இரண்டாவதைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. முதலாவதை எடுத்து வாசியுங்கள். ஒரு எழுத்துப் பிழை இல்லை, ஒரு அளவு தவறில்லை, சந்தேகப்பட ஒரு வசனம் இல்லை. வாசித்தால் நீங்களும் நம்புவீர்கள்.